தரை தட்டிய பெடல்

"இவதான் குற்றவாளியா? பாத்தா அப்பாவி மாதிரி இருக்காளே அத்தை. அப்ப சந்தேகமே இல்ல, இவதான்."

என்னைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொன்னவன் எங்கள் வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், முப்பது வயதுக்கு முன்னே பின்னே. யார் எதைச் சொன்னாலும் நடுவில் 'ச்சு' கொட்டுவதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். அவன் பின்னால் வந்த அம்மாள்தான் துப்பறிவாளர். அவனுக்கு அவர் சொந்த அத்தை. மற்றவர்களும் அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்களாம். நரைத்த தலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்கு உள்ளே நின்ற என் காரைத்தான் பார்த்தார். அதன் முன் விளக்கு ஒன்று உடைந்து, பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"செருப்பைப் போடுடா. வேலை வீட்டுக்குள்ள இல்ல" என்றார் பல்லியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மையத்துலேர்ந்து என்னை அனுப்பியிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள அவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். நீ பண்ண வேலையால பிரேக் போச்சா, இல்லையா? போச்சுன்னா இனிமே அவங்க ஆளுங்கள நீ ஏத்தக் கூடாது. முன்னாடியே சொல்லிடுறேன், நான் உன் பக்கம் இல்ல."

"அவங்க பக்கமா?"

"கார் பக்கம்."

மையம் என்று அவர் சொன்னது ஒரு இயன்முறை சிகிச்சை மையத்தை. மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்கள் என்று தாமாக நடக்க முடியாதவர்களை வீட்டிலிருந்து அழைத்து வந்து, பயிற்சி முடிந்ததும் கொண்டுபோய் விடுவது என் வேலை. என்னிடம் இருப்பது இந்தக் காரும் இந்த வேலையும்தான். இரண்டுமே அன்று அந்த அம்மாள் வாயில் இருந்தன.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பில் வண்டிப் பராமரிப்பு படிக்கிறேன். வகுப்பில் இருக்கும் பழைய வண்டியில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடுகளை மாற்றிப் பழகியிருக்கிறேன். சனிக்கிழமை காலை என் சொந்தக் காரில், தனியாக, முதல் தடவையாக மாற்றினேன். ஞாயிறு காலை அக்காவின் கணவர் தன் ஸ்கூட்டரை வெளியே எடுப்பதற்காக என் காரை நகர்த்தினார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கேட்டைத் தாண்டியதும் எங்கள் தெரு சரிவாக இறங்கும். வண்டி நிற்கவில்லை. எதிர்ச் சுவரில் போய் முட்டியது. மாமாவின் மணிக்கட்டு முறிந்தது.

அவர் இப்போது கையில் மாவுக்கட்டோடு வெளியே வந்தார். கூடவே அக்கா. அப்பா ஏற்கெனவே முற்றத்தில், தன் பச்சை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி மேல் ஒரு துண்டு, துண்டு மேல் அவர் கை. அப்பா தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதையும் தன்னைவிட நன்றாக யாரும் இறுக்கிவிட முடியாது என்று நம்புகிறவர்.

"வாங்க, வாங்க. வந்து மெக்கானிக் அம்மாவோட சாதனையைப் பாருங்க" என்றார் மாமா. "இதுல ஏறுனது நான். அந்த நடக்க முடியாத ஜனங்க ஏறியிருந்தா? என் கையோட போச்சுன்னு சந்தோஷப்படணும்."

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றார் அத்தை.

"என்ன ஆகறது? கேட்டைத் தாண்டுனேன். பிரேக்ல கால வச்சேன். கால் போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. கிணத்துல கல்லப் போட்ட மாதிரி."

"ச்சு" என்றான் பல்லி. "ஏன் சார், கை பிரேக்குன்னு ஒண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்குமே?"

"பதட்டத்துல அதெல்லாம் யாருக்குப்பா தோணும்?"

"நியாயம்தான். எனக்குக்கூட சாப்பாடு வந்துட்டா கை கழுவத் தோணாது."

"எத்தனை தடவை மிதிச்சீங்க?" என்று கேட்டார் அத்தை.

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க? மிதிச்சேன், மிதிச்சேன். சுவத்துல முட்டின பிறகும் மிதிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அத்தை காரில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி, மாமாவை ஏறச் சொன்னார். மாமா இரண்டடி பின்வாங்கினார்.

"வண்டி ஓடாது சார். சாவி என் கையில. சும்மா மிதிங்க."

மாமா, பாம்புப் புற்றில் கால் வைப்பதுபோல வைத்தார். மிதித்தார். மறுபடி மிதித்தார். "இது... கல்லு மாதிரி இருக்கே."

"ஆமா. அந்த இடிக்கு அப்புறம் இந்த வண்டிய யாராவது தொட்டாங்களா?"

"நாலு பேர் சேந்து உள்ள தள்ளினோம். அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

"அப்ப போன பிரேக் எப்படித் திரும்பி வந்துச்சு?"

"கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி மாதிரி, தானா வந்திருச்சோ என்னமோ" என்றான் பல்லி. அக்கா முறைத்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

அத்தை என்னிடம் வந்தார். "ஆயில் ஒழுகியிருந்தா தரையில கறை இருக்கணும். இல்ல. உள்ள காத்துப் புகுந்திருந்தா பெடல் இன்னமும் பஞ்சு மாதிரி இருக்கணும். அதுவும் இல்ல. அப்ப மூணாவது ஒண்ணு இருக்கு. உன் வாத்தியார் சொல்லிக் குடுத்திருப்பாரே, சொல்லு."

வகுப்பில் கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். "புது பேட் தடிமனா இருக்கும். அது உக்கார இடம் வேணும்னு, பேடை அழுத்துற பிஸ்டனை உள்ள தள்ளுவோம். எல்லாம் மாட்டி முடிச்சதும் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி, நின்ன இடத்துலயே பெடல நாலஞ்சு தடவை மிதிக்கணும். பிஸ்டன் வெளிய வந்து பேடைத் தொட்டதும் பெடல் இறுகும்."

"மிதிக்காம எடுத்தா?"

"முதல் மிதி... தரைக்குப் போயிரும். விடாம மிதிச்சா அப்புறம் தானா இறுகிரும்."

மாமா நல்ல கையால் தொடையில் அடித்தார். "கேட்டீங்களா! அவ வாயாலயே வந்திருச்சு. மிதிக்க மறந்துட்டா. முடிஞ்சது கேஸு."

"நான் மிதிச்சேன்" என்றேன்.

"ஞாபகம் இருக்கா?" என்றார் அத்தை.

இருந்தது. வலது கால், பெடலின் ரப்பர், மெல்ல மெல்ல இறுகிய அந்த உணர்வு. ஆனால் அது சனிக்கிழமை ஞாபகமா, வகுப்பு வண்டியின் ஞாபகமா? செய்ய வேண்டும் என்று மனதில் அத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். செய்ததையும் செய்ய நினைத்ததையும் பிரிக்க முடியவில்லை. நேற்று முழுக்க இதையே கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, நான்தான் மறந்துவிட்டேன் என்று பாதி நம்பவும் ஆரம்பித்திருந்தேன். என் முகத்தில் அது எழுதியிருந்ததோ என்னவோ, பல்லி இன்னொரு 'ச்சு' கொட்டினான்.

"மிதிச்சேன்னு சொல்றது பேச்சு. பேச்ச வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார் அத்தை. "மாத்தி முடிச்சதும் வண்டிய எங்கயாவது எடுத்துட்டுப் போனியா?"

"கீழ இருக்கிற பெட்ரோல் பங்க்குக்கு. மத்தியானம்."

"டேய்."

"போறேன், போறேன். வேகாத வெயில்ல ஓட வைக்கிறதுக்குன்னே ஒரு மருமகன்" என்று முனகிக்கொண்டே பல்லி சரிவில் இறங்கினான்.

அவன் போன நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள், அவள் தாழ்த்தினால்தான் அதிகம் சுடும். "உனக்கு எதுக்குடி இந்த வேலை? பொம்பளைங்க பண்ற காரியமா இது? இந்த வீடு அவரோடது. பின்னாடி ரூம்ல நீயும் அப்பாவும் இருக்கீங்கன்னா, அது அவர் வாயத் திறக்காம இருக்கிறதால. இப்ப அவர் கையவே ஒடச்சு வச்சிருக்க. நாளைக்கு வெளிய போங்கன்னு சொன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேண்டாம்பேன்?"

"அக்கா, நான் வேணும்னா..."

"பேசாத."

அப்பா நாற்காலியிலிருந்து சொன்னார். "நான் அப்பவே சொன்னேன். தெரிஞ்ச ஆள்கிட்ட விடுன்னு." துண்டின் மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.

பல்லி மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "அத்தை, அந்த பங்க்ல இருக்கிறவருக்கு இந்தம்மாவ மறக்கவே முடியாதாம். ரோட்லேர்ந்து பம்பு வரைக்கும் அடிக்கு ஒரு தடவை பிரேக் போட்டாங்களாம். கார் வரலையாம், சலாம் போட்டுக்கிட்டே வந்துச்சாம். பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சே செத்தானாம்."

"நின்னுச்சா?"

"ஒவ்வொரு தடவையும் சொன்ன இடத்துல நின்னுச்சாம். அதானே அவங்க கோவம்."

எனக்கு முகம் சூடானது. சோதனை செய்து பார்த்திருக்கிறேன். அது மட்டும் நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது சாட்சியாகும் என்று தோன்றவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றுதான் நினைத்து வைத்திருந்தேன்.

"சரி. சனிக்கிழமை மத்தியானம் பிரேக் பிடிச்சிருக்கு" என்றார் அத்தை. "ஞாயித்துக்கிழமை காலையில பிடிக்கல. பிஸ்டன் குளிருக்குப் பயந்து தானா உள்ள போய்ப் படுத்துக்காது. நடுவுல யாரோ மறுபடி தள்ளியிருக்காங்க."

"நல்லாருக்கே கதை!" என்றார் மாமா. "திருடன் வந்து பிரேக்க மட்டும் தொட்டுப் பாத்துட்டுப் போனானா?"

"திருடனா இருந்தா வண்டியவே ஓட்டிக்கிட்டுப் போயிருப்பான் சார். உங்க கை தப்பிச்சிருக்கும்" என்றான் பல்லி.

அத்தை பானெட்டைத் திறக்கச் சொன்னார். பிரேக் ஆயில் ஊற்றும் சின்ன டப்பா ஓரத்தில் இருந்தது. அரைவெள்ளை பிளாஸ்டிக் என்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். மேல்கோட்டுக்கும் ஒரு விரல் கீழே இருந்தது.

"நீ எவ்வளவு ஊத்துன?"

இங்கேதான் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "மேல்கோடு வரைக்கும்தான் ஊத்தணும். நான்... குறைஞ்சுடுமோன்னு பயந்து, மூடி போடுற கழுத்து வரைக்கும் ஊத்திட்டேன்."

"பாருங்க, பாருங்க!" என்றார் மாமா.

"அப்புறம் அதுவும் பயமா இருந்துச்சு. போட்டோ எடுத்து வகுப்பு குரூப்ல போட்டு, 'கூட ஊத்திட்டேன், வண்டி கெட்டுடுமா'ன்னு கேட்டேன். எடுத்துடலாம், அவசரம் இல்லன்னு வாத்தியார் பதில் போட்டிருந்தார்."

"நான் கேள்வி கேக்கிற எடத்துல எல்லாம் நீ ஒரு பயம் வச்சிருக்க போல" என்றார் அத்தை. "குடு."

என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். ஆயில் கழுத்து வரை நின்றது. டப்பாவுக்குக் கீழே வெள்ளைப் பெயின்ட் வழவழவென்று இருந்தது. பார்ப்பவர் முகம் தெரியும். பிறகு அத்தை போனைப் பானெட்டுக்குக் கீழே அதே இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பல்லி குனிந்து பார்த்தான். முதல் தடவையாக அவன் 'ச்சு' கொட்டவில்லை.

டப்பாவின் கீழே பெயின்ட் சுருங்கி, பால் ஆடைபோல எழும்பியிருந்தது. அத்தை நகத்தால் தொட்டார். தகடு தெரிந்தது.

"பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரிஞ்சிடும். தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் துணி விரிச்சுதான் ஊத்துனேன்."

"படத்துல துணிகூட ஓரத்துல இருக்கு. ஆக, இவ ஊத்தும்போது சிந்தல. பிறகு சிந்தியிருக்கு. மூடியத் திறந்து வச்சுக்கிட்டு கீழ பிஸ்டனத் தள்ளுனா, அங்க இருக்கிற ஆயில் மேல ஏறி வரும். கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்த டப்பா என்ன பண்ணும்? பொங்கும். பொங்கினத யாரோ துடைச்சிருக்காங்க. ஆனா பெயின்ட்ட துடைக்க முடியல. கோடு வரைக்கும் அளவா ஊத்தியிருந்தா இது பொங்கியிருக்காது, நமக்கும் தெரிஞ்சிருக்காது." என்னைப் பார்த்தார். "உன் தப்பு உனக்கு உதவியா நின்னிருக்கு. பெருமைப்பட்டுக்காத. வாத்தியார் சொன்ன அளவுக்கு ஊத்து."

யாரோ என் காரை மறுபடி பிரித்திருக்கிறார்கள். நான் மறக்கவில்லை. அந்த நினைப்பு வந்ததும் நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. இரண்டு நாளாக மாவுக்கட்டைக் காட்டிக் காட்டி என்னைக் கொத்தியவர் எதிரே நின்றிருந்தார். என் வேலை போக வேண்டும் என்று யார் விரும்புவார்கள்? என் கார் முற்றத்தை அடைக்கிறது என்று தினமும் சொன்னது யார்?

"நீங்கதான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என்னைக் கேவலப்படுத்தணும்னு நீங்கதான் பிரிச்சிருக்கீங்க."

"வாய அடக்குடி!" என்றாள் அக்கா.

"நானா? எனக்கு அதுல ஒரு போல்ட்டு பேர்கூடத் தெரியாது!" மாமா கத்தினார். "சனிக்கிழமை நான் வெளியிலேர்ந்து வந்ததே நீ எல்லாத்தையும் மாட்டி முடிச்ச பிறகுதான். உள்ள உக்காந்துகிட்டு தொம்மு தொம்முன்னு மிதிச்சுக்கிட்டு இருந்த. 'என்ன, காரா சைக்கிளா?'ன்னு கேட்டேன். பதில்கூடச் சொல்லாம முறைச்ச. மறந்துட்டியா?"

அத்தை பானெட்டை விட்டு மாமா பக்கம் வந்தார்.

"திரும்பச் சொல்லுங்க சார்" என்றார் அத்தை மெதுவாக.

மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இவ பெடல மிதிச்சாளா, மறந்தாளான்னு இவ்வளவு நேரமா பேசிக்கிட்டு இருக்கோம். நீங்க கண்ணால பாத்திருக்கீங்க. தொடையில அடிச்சு 'முடிஞ்சது கேஸு'ன்னீங்க."

"என்னை யாரும் கேக்கலையே" என்றார் மாமா.

"அடேங்கப்பா" என்றான் பல்லி. "கேக்காத கடன் மாதிரி கேக்காத சாட்சியும் அப்படியே நின்னு போயிரும் போல."

எனக்கு இப்போது அது நினைவுக்கு வந்தது. காரா சைக்கிளா. அந்த இளக்காரமான குரல். அதை மறக்க நினைத்து, கூடவே பெடலையும் மறந்திருக்கிறேன்.

"ஆனா பிரிச்சது இவர் இல்ல" என்றார் அத்தை. நான் ஏமாந்துபோய் அவரைப் பார்த்தேன். "வேணும்னு கெடுத்து வச்சவன் அதே வண்டியில ஏறிச் சரிவுல இறங்கமாட்டான். அதவிட முக்கியமா, பிரிச்ச ஆளு ஜாக்கி வச்சிருக்கார், சக்கரம் கழட்டியிருக்கார், மூடியத் திறந்திருக்கார், பிஸ்டனத் தள்ளியிருக்கார், எல்லாத்தையும் ஒழுங்கா திரும்ப மாட்டியிருக்கார். அந்த ஒரு மிதி மட்டும் தெரியல. அப்படின்னா என்ன அர்த்தம்? பாத்துக் கத்துக்கிட்டவர். தலையிலேர்ந்து பாத்தவர், வால் வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டார். இந்த சார் பாத்தது வால் மட்டும்தான்." என் பக்கம் திரும்பினார். "நீ வேலை பாத்தப்ப, ஆரம்பத்துலேர்ந்து உக்காந்து பாத்தது யாரு?"

என் கண் பச்சை நாற்காலிக்குப் போனது. சனிக்கிழமை காலை முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் இருந்தது. 'ஜாக்கி சாயுது பாரு. அந்த போல்ட்ட அப்படியா பிடிப்பாங்க? கை நடுங்குதே, உன்னால ஆகுமா? இறுகல, இன்னும் முறுக்கு.' சக்கரத்தின் கடைசி நட்டை முறுக்கியதும் அந்தக் குரல் 'முடிஞ்சுதுல்ல' என்று சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனது.

பல்லி பச்சை நாற்காலி அருகே போய்க் குனிந்தான். "ஐயா, கொஞ்சம் அந்தத் துண்ட எடுக்கிறீங்களா? வெயிலுக்கு முகம் துடைச்சிக்கிறேன்."

அப்பா அசையவில்லை.

"எடுங்க" என்றார் அத்தை.

அப்பா துண்டை எடுக்கவில்லை. கையை மட்டும் எடுத்தார். துண்டு தானாகச் சரிந்தது. கைப்பிடியின் பச்சைப் பெயின்ட் சுருண்டு எழும்பியிருந்தது. நான்கு விரலும் உள்ளங்கையும் பதிந்த அடையாளம். ஆயில் பட்ட கையோடு வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறார்.

"அப்பா?" என்றாள் அக்கா.

"என்ன அப்பா?" அவர் குரல் உயர்ந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் இவ பஸ்ல வகுப்புக்குப் போயிருந்தா. நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தீங்க. நான் பாக்காம விட முடியுமா? நோயாளிங்கள ஏத்துற வண்டி. நேத்து முளைச்சவ கை வச்சிருக்கா. ஒரு தடவை பிரிச்சுச் சரி பாத்தேன். அவ பண்ணது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்படியே திருப்பி மாட்டினேன்."

"சரியா இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு."

"இத ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

அவர் ஒரு கணம் மாமாவின் மாவுக்கட்டைப் பார்த்தார். அதிலேயே பதில் இருந்தது. மருமகன் கையை உடைத்த மாமனார் மருமகன் வீட்டுப் பின்னறையில் எப்படி இருப்பது? உடைத்தது மகள் என்றால், மகள்தானே.

அத்தை போனை எடுத்து மையத்தின் மேலாளரைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"பொண்ணோட வேலை சரியா இருந்திருக்கு" என்றார். "அவளுக்கு அப்புறம் வேற ஒரு ஆள் பிரிச்சிருக்காங்க. கோளாறு அதுல வந்தது."

"வேற ஆள்னா யாரு?" மேலாளரின் குரல் கறாராக இருந்தது. "அது தெரியாம எப்படி? இன்னிக்குத் தொட்டவங்க நாளைக்கும் தொடலாம். அப்படிப்பட்ட வண்டியில நான் யாரையும் ஏத்தமாட்டேன்."

அத்தை போனை என் பக்கம் நீட்டினார். அக்கா தலையை அசைத்தாள். வேண்டாம் என்று அவள் உதடு சொன்னது. அப்பா கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால் வீடு இருக்கும், வேலை போகும். நான் செய்த வேலை கடைசிவரை சந்தேகத்திலேயே கிடக்கும்.

"எங்க அப்பா" என்றேன். "வண்டி இனிமே வீட்டுல நிக்காது மேடம். மையத்துலயே விட்டுடுறேன். சாவி என்கிட்ட மட்டும் இருக்கும்."

எதிர்முனையில் மேலாளர் ஏதோ பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "உடைஞ்ச விளக்குக்குப் புதுசு மாட்டு. பிரேக்க முதல்லேர்ந்து நீயே பிரிச்சுச் சேரு. அந்தம்மாவ உக்கார வச்சு ஓட்டிக் காட்டு. அவங்க சரின்னா நாளைக்கு வா."

போன் அணைந்ததும் மாமா வெடித்தார். "என் வீட்டுல உக்காந்துகிட்டு, என் கண்ணு முன்னாடியே, ரெண்டு நாளா!" அக்கா அவர் நல்ல கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "பெத்தவனையே காட்டிக் குடுத்துட்டியே."

"நீங்க என்னைக் காட்டிக் குடுக்கலப்பா. சும்மா உக்காந்திருந்தீங்க. அதுவே போதும்னு தெரிஞ்சு உக்காந்திருந்தீங்க."

"கடைசியில மிதிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல நீ?"

ஜாக்கியை எடுத்து வந்தேன்.

பல்லி விளக்குக் கண்ணாடி வாங்கி வந்தான். பம்பரைக் கம்பி போட்டுக் கட்டினான். நான் இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றி, பேடுகளை எடுத்து, துடைத்து, பார்த்து, திரும்ப வைத்தேன். அப்பா சொன்னது உண்மைதான். ஒன்றும் தப்பாக இல்லை. ஆயிலை மேல்கோட்டோடு நிறுத்தினேன். பிறகு உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். முதல் மிதி தரைக்குப் போனது. இரண்டாவது பாதியில் நின்றது. அடுத்தடுத்த மிதிகளில் கால் இறங்குவது குறைந்து, கடைசியில் இறங்கவே இல்லை.

"ஏறுடா" என்றார் அத்தை.

"நான் நடந்து வர்றேனே அத்தை. உடம்புக்கு நல்லது."

"ஏறுடா."

அத்தை முன்னால், பல்லி பின்னால். கேட்டைத் தாண்டியதும் சரிவு. வண்டியைப் போக விட்டேன். எதிர்ச் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்சீட்டில் பல்லி ஏதோ முணுமுணுத்தான். மிதித்தேன். வண்டி முன்பக்கம் குனிந்து நின்றது. சுவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம்.

"கண்ணத் திறக்கலாமா?" என்றான் பல்லி.

"நாளைக்கு வேலைக்குப் போ" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமலே. "சரி, வீட்டுல விடு. என் குடை அங்க இருக்கு."

கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கேட்டில் வந்து நின்றிருந்தார். வண்டி திரும்பி ஏறி வருவதற்காகக் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"குடைய பல்லி நடந்து போய் எடுத்துட்டு வரட்டும்" என்றேன். "உடம்புக்கு நல்லதுன்னாரே."

ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்து, மையத்துக்குப் போகும் சாலையில் வண்டியை விட்டேன்.